சிறுவயதில் படித்த மாயக்கதையைத் திரும்பப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் பிறந்து, மண்டபம் வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உட்காருகிறேன். அங்கே வருகிறவர்களில் நாற்பதைக் கடந்தவர்கள், புதிதாக வந்த நூல்களைப் பற்றிக் கேட்பதைவிட, பத்து வயதில் படித்த ஏதோ ஒரு மந்திரவாதிக் கதையைப் பற்றியே அதிகம் கேட்கிறார்கள். ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே குறித்துவைத்து விடைகளை எழுதியிருக்கிறேன். மாயக்கதை என்று இங்கே சொல்வது சூனியக்காரரும் பாதாளக் கோட்டையும் பறக்கும் குதிரையும் வரும் நெடுங்கதையை. அது தொடராக வந்ததா, நூலாக வந்ததா என்பது பொருட்டில்லை.

டீச்சர், சின்ன வயசுல படிச்சதை இந்த வயசுல எதுக்குத் திரும்பப் படிக்கணும்? முடிவுதான் தெரியுமே?

முடிவு தெரியும், நடுவில் இருப்பதும் தெரியும் என்று நம்புகிறோமே, பிழை அங்கேதான் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதானபோது என் அண்ணன், சிறுவர் மாத இதழ் ஒன்றிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சணல் நூலால் தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலே ஒட்டி எனக்குத் தந்தார். மந்திரவாதி ஒருவன் அரசகுமாரனைச் சிறைவைக்கும் தீவு ஒன்று அதில் வரும். கரையெல்லாம் வெள்ளைப் பவளக்கல், அலை ஒதுக்கிப்போட்ட பாசி வெயிலில் அழுகும் வாடை, தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் கோட்டை என்று அந்தத் தீவை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருந்தேன்.

நாற்பத்தைந்து வயதில் அந்தப் பைண்டைத் திரும்பப் படித்தபோது, கதாசிரியர் அந்தத் தீவுக்குச் செலவழித்திருந்தது ஒரே ஒரு வாக்கியம் என்று கண்டேன். கடல் நடுவே ஆளில்லாத சிறு தீவு ஒன்று இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் நேரே கோட்டைக்குள் போய்விட்டார். பவளக்கல்லும் பாசியும் மரங்களும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவினுடையவை. குந்துகால் கரையில் நின்று நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த தீவு அது. கதையில் எது எழுதியவருடையது, எது நாம் சேர்த்தது என்பது திரும்பப் படித்தால்தான் பிரிந்து தெரியும். திரும்பப் படிப்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கிறது.

படிக்க உட்கார்றதுக்கு முன்னாடி ஏதாவது தயார் பண்ணிக்கணுமா?

ஒன்றே ஒன்று செய்ய வேண்டும், அதை எவரும் செய்வதில்லை. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில், அந்தக் கதையைப் பற்றி நினைவில் இருப்பதையெல்லாம் எழுதிவிட வேண்டும்: பெயர்கள், இடங்கள், குதிரையின் நிறம், பயந்த இடம், அழுத இடம், முடிவு, எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்பது உட்பட. சரிதானா என்று யோசிக்கக் கூடாது. தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். எழுதிய தேதியைக் கீழே போட்டு, தாளை மடித்து எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் வட்டத்தில் இதற்கு நினைவுத்தாள் என்று பெயர் வந்துவிட்டது.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், நானே இதைச் செய்யத் தவறியதுதான். புதிய வாசிப்பு பழைய நினைவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு அடியில் இருந்தது என்ன என்று தேடினாலும் கிடைக்காது. தீவு மட்டும் தப்பியது, ஏனென்றால் ஐந்தாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை வரைந்து வைத்திருந்தேன். குதிரையை எந்த நிறத்தில் நினைத்திருந்தேன் என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அச்சிலிருந்த சாம்பல் நிறம்தான் வருகிறது.

எனக்குப் புத்தகத்தோட பேரே தெரியாது. எங்க வீட்ல இருந்ததுல முதல் பக்கமும் இல்ல, கடைசிப் பக்கமும் இல்ல. எப்படித் தேடுறது?

இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் படித்திருக்கிறார்கள், ஆகவே கூச்சப்பட வேண்டியதில்லை. முதலில் அது நூலா, இதழிலிருந்து பிரித்துத் தைத்த தொடரா என்று முடிவு செய்யுங்கள். பக்கங்களுக்கு நடுவே முன்கதைச் சுருக்கம் வந்ததாக நினைவிருந்தால் அது தொடர். தொடராக இருந்தால் நீங்கள் எந்த வகுப்பில் படித்தபோது அது வீட்டுக்கு வந்தது என்பதுதான் முதல் துப்பு. ஆண்டு தெரிந்தால் இதழைத் தேடலாம்.

ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுவது பல சமயங்களில் பயன்படாது. பி. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். அதில் வந்த மாயத் தொடர்கள் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். ஆனால் தொடர்களின் மேல் அவர் பெயர் வரவில்லை, தமிழில் நாம் படித்தது மொழிபெயர்ப்பு. ஆகவே ஓவியத்தை வைத்துத் தேடுவது நல்லது. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரின் கோடும், தொடர்களுக்கு வரைந்த சித்ராவின் கோடும் ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது. வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய வி. கிருஷ்ணமூர்த்தியின் கதைகள் போலச் சில பின்னர் நூலாகவும் வந்தன; அவற்றை நூலகப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம்.

பழைய இதழ்களுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் தொடங்கப்பட்டது அது. கோட்டையூர் 1985 வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக உங்கள் சித்தப்பா வீட்டுப் பரணைப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் பலருடைய புத்தகம் அங்கேதான் அகப்பட்டது.

பைண்டு கிடைச்சிருச்சு அக்கா. ஆனா தொட்டாலே ஓரம் உதிருது. வெயில்ல காயவைக்கட்டுமா?

வெயிலில் வைக்கவே கூடாது. அந்தக் கால இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. மரத்திலுள்ள லிக்னின் நீக்கப்படாத தாள் அது. வெளிச்சமும் காற்றும் பட்டாலே அது பழுத்து முறியும். வெயில் அதை விரைவுபடுத்தும். நம் ஊரில் உப்பங்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன, ராமபாணப் பூச்சியும் வருகிறது. மின்விசிறிக் காற்றில், நிழலில், பக்கங்களை ஒரு விரற்கடை விரித்து இரண்டு நாள் வைத்தால் போதும்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். சலவை செய்த பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு துண்டு வசம்பு போட்டு, கடலைப் பார்த்த சுவரில் ஒட்டாத மர அலமாரியில் வையுங்கள். டிரங்குப் பெட்டி வேண்டாம்; நம் காற்றில் அது உள்ளே துருப்பிடித்துத் தாளில் கறையேற்றும். மிக நைந்த பைண்டாக இருந்தால், படிக்கத் தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை புரட்டுவதற்கு அது தாங்காமல் போகலாம்.

அப்போ போன்லயே படிச்சுக்கலாமா? புத்தகத்துல படிச்ச மாதிரி வருமா?

தாராளமாகப் படிக்கலாம். இரண்டு பக்கம் விரிந்த ஓவியம் மட்டும் திரையில் வெட்டுப்படும். அந்தப் பக்கங்களுக்கு அசலைத் திறந்து பாருங்கள்.

நான் நினைவுத்தாள்ல எழுதினது பாதி புத்தகத்துலயே இல்ல. எனக்கு மறதியா, இல்ல அவங்க மாத்திட்டாங்களா?

இரண்டும் நடக்கும். பெரும்பாலும் முதல் விடையில் நான் சொன்ன தீவைப் போல, நாமே சேர்த்ததாகத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியரே கதையை மாற்றுவதும் உண்டு. ஆங்கிலத்தில் டோல்கியன் எழுதிய 'தி ஹாபிட்' 1937இல் வந்தபோது, விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாகக் கோலம் என்ற பாத்திரம் ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் எழுதிய பெருங்கதைக்கு அது பொருந்தாததால் அந்த அத்தியாயத்தை அவர் திருத்தி எழுதினார், 1951 பதிப்பிலிருந்து திருத்திய வடிவமே கிடைக்கிறது. பழைய பதிப்பைப் படித்த குழந்தை ஒன்று வளர்ந்தபின் புதியதைப் படித்தால், தன் நினைவையே சந்தேகப்பட்டிருக்கும்.

தமிழில் வேறொரு வகையும் உண்டு. வேதாளக் கதைகள் 25 என்பது பழைய கணக்கு. 11ஆம் நூற்றாண்டின் வடமொழிக் கதைத் தொகுப்பான கதாசரித்சாகரத்தில் அவை இருக்கின்றன. ஆனால் அம்புலிமாமா இதழில் அதே முருங்கை மரத்தையும் அதே சுடுகாட்டையும் வைத்துக்கொண்டு மாதம் ஒரு கதையாகப் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள். ஆகவே உங்களுக்கு நினைவிருக்கும் வேதாளக் கதை கடையில் வாங்கிய தொகுப்பில் இல்லையென்றால், தவறு தொகுப்பின் பக்கம் இருக்கலாம். நினைவுத்தாளை உடனே அடித்துத் திருத்தாதீர்கள்.

அந்த வயசுல போர்வைக்குள்ள நடுங்கின இடம், இப்ப படிச்சா சிரிப்பு வருது. நான் ஏமாந்துட்டேனா?

நீங்கள் ஏமாறவில்லை. என் பைண்டில் மந்திரவாதியின் சாபத்தால் ஒரு நகரம் ஒரே இரவில் கடலுக்குள் போகும். அச்சில் அது மூன்று வரி, அதிலும் ஒரு வரி அரண்மனை நகைகளைப் பற்றியது. ஆனால் அந்த மூன்று வரியை நான் படித்த வீட்டில், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலிலிருந்து தப்பி வந்த பெரியம்மா அடுத்த பாயில் படுத்திருந்தார். காற்று எழுந்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் பயந்தது அவர் எழுந்து உட்கார்ந்ததற்கு. பயத்தைக் கதையின் கணக்கில் எழுதிவிட்டேன். உங்களுடைய பயத்துக்கும் பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

ஒரே ராத்திரில முடிச்சுட்டேன் டீச்சர். சப்புன்னு போச்சு.

தொடர்கதையை ஒரே இரவில் படித்தால் அப்படித்தான் ஆகும். அது மாதம் ஐந்தாறு பக்கமாக, இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடுவதற்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு தவணையும் ஒருவன் கிணற்றுக்குள் விழுவதோடு முடிந்து, அடுத்த தவணை அவனை நான்கே வரியில் வெளியே எடுத்துவிடும். அடுத்தடுத்துப் படிக்கிறபோது, இவ்வளவுதானா என்று தோன்றும். நடுவில் முப்பது நாள் இருந்தபோது அந்தக் கிணற்றில் இறங்கி ஏறியவர்கள் நாம்.

எங்கள் பாம்பன் தீவில் அந்த முப்பது நாளும் முப்பதாக நிற்காது. சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை எல்லாம் 1914இல் கட்டிய ரயில் பாலத்தின் வழியேதான் வர வேண்டும். காற்று மிகுந்தால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், இதழும் மண்டபத்திலேயே நின்றுவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிய அனுபவத்தை அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அச்சடித்த தாளுக்காகத் தண்டவாளத்தைப் பார்த்துக் காத்திருப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தவணை என்று வைத்துப் படியுங்கள், நடுவில் திறக்காதீர்கள். இதைக் கேட்டவர் அப்படிப் படித்துவிட்டு, புதன்கிழமைகளில் தனக்குக் கோபம் வருவதாகச் சொன்னார். அதை நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

கடலைப் பத்தி எழுதினவங்க கடலையே பார்த்ததில்ல போல. எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டுச் சிரிச்சு உருள்றார். என்ன பண்ண?

அவர் சிரிக்கட்டும், அவரிடம் ஒரு பென்சிலையும் கொடுங்கள். நம் கரையில் பாக்கு நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறோம். ஒரே தீவின் இரு கரையிலும் தண்ணீரின் குணம் வேறு. கச்சான் வீசும் மாதத்தில் போகிற இடத்துக்கு வாடை வீசும் மாதத்தில் போக முடியாது. மாயக்கதைக் கப்பலோ எந்த மாதத்திலும் எந்தத் திசையிலும் பாய் விரித்துப் போகும். நங்கூரத்தை நடுக்கடலிலும் போடும். என் பைண்டின் ஓரத்தில் எங்கள் மாமா ஒருவர் எழுதிய பென்சில் குறிப்பு இன்னும் இருக்கிறது: இந்த இடத்தில் தரை தட்டும்.

கேலி செய்து முடித்தபின் அவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். கடற்கன்னி என்று மாலுமிகள் சொன்னது, மூச்சுவிட மேலே வந்து முகம் காட்டும் ஆவுளியாவாக இருக்கலாம் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கடல்பசு நம் கடலில் இன்னும் மேய்கிறது, அதற்காகப் பாக்கு விரிகுடாவில் 2022இல் பாதுகாப்பகம் ஒன்றையும் அறிவித்திருக்கிறார்கள். இரண்டாவது, சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் கரையொதுங்கும் சரந்தீபு என்பது இலங்கை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர் அளவே தொலைவு. 1964 வரை பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கப்பலில் போய்வந்த இடம். மற்ற ஊர்க் குழந்தைகளுக்கு ஏழு கடலுக்கு அப்பால் இருந்த மாயத்தீவு, நமக்கு அக்கரையாக இருந்தது. ஆகவே நம் பிள்ளைகள் அந்தக் கதைகளைப் படிக்கும்போது, ஆசிரியர் தவறவிட்ட காற்றையும் ஆழத்தையும் தாமே திருத்திக்கொண்டு படித்தார்கள் என்பது என் எண்ணம். உங்கள் நினைவுத்தாளில் அந்தத் திருத்தங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் மக கேக்குறா: ராட்சசன்னா ஏன் எல்லாரும் கறுப்பா இருக்காங்கன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

அவள் கேட்டது சரியான கேள்வி. நாம் அந்த வயதில் கேட்கவில்லை. கெட்டவனுக்குக் கறுப்பு, அரசகுமாரிக்குச் சந்தன நிறம் என்று எழுத்திலும் ஓவியத்திலும் வழக்கமாக இருந்தது. வெயிலில் வலை இழுக்கும் அப்பாக்களின் பிள்ளைகளாகிய நாம் அதைப் படித்துவிட்டு, அரசகுமாரனுடைய கட்சியில் நின்றோம். அது கதையின் குறை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வரியை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, பிள்ளைகள் மறைத்த இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

பெண்களைப் பற்றியும் இதுவேதான். என் கதையில் மந்திரவாதியின் இடுப்பிலிருந்து சாவியைத் திருடி அரசகுமாரனை விடுவிப்பவள் ஒரு வேலைக்காரப் பெண். சிறுமியாக இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்தவள் அவள். திரும்பப் படித்தபோதுதான், முழுக் கதையிலும் அவளுக்குப் பெயரே வைக்கப்படவில்லை என்பதைக் கண்டேன். கதையின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது அந்த ஓர் இடத்தில்தான். இருந்தாலும் பைண்டை மூடவில்லை.

நான் படிச்ச தொடர் முடியறதுக்குள்ள வீட்ல இதழை நிறுத்திட்டாங்க. முடிவு தெரியாம எப்படி?

மூன்றாவது விடையில் சொன்ன வழிகளில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், 1960களின் தொடக்கத்திலிருந்து தினத்தந்தியில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் கன்னித்தீவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவைப் பார்க்காமலே தாத்தாக்கள் போய்ச்சேர்ந்துவிட்டார்கள், ஒருவரும் புகார் சொன்னதில்லை.

எம் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன், மூணாம் நாளே எந்திரிச்சுப் போயிட்டான். மனசு கஷ்டமா இருக்கு அக்கா.

தொடங்கும் முன், இது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த கதை என்று சொல்லியிருப்பீர்கள். அதைச் சொன்னவுடனே அது அவனுக்குப் பாடமாகிவிட்டது. கதையை விட்டுவிட்டு, உங்கள் நினைவுத்தாளை அவனிடம் படித்துக் காட்டுங்கள். என் பேத்தி பைண்டைத் தொடவில்லை. ஐந்தாம் வகுப்பு நோட்டில் இருந்த தீவின் படத்தைப் பார்த்துவிட்டு, கோட்டைக்கு ஏன் வாசல் இல்லை என்று கேட்டாள்.

எங்க வாப்பா ராத்திரி ராத்திரி படிச்சுக் காட்டின புத்தகம் டீச்சர். அவங்க மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்லதான் இருக்கு, திறக்க மனசு வரல.

திறக்க வேண்டாம். முதல் விடையில் நான் சொன்ன காரணம் இங்கே பொருந்தாது. எது ஆசிரியருடையது, எது உங்கள் வாப்பாவுடையது என்று பிரித்துப் பார்க்கும் அவசரம் எதுவும் இல்லை. வாசித்துக் காட்டுகிறவர்கள் அச்சிலிருப்பதை அப்படியே வாசிப்பதில்லை. தூக்கம் வந்தால் அத்தியாயத்தைச் சுருக்குவார்கள், பிள்ளை பயந்தால் பூதத்தைச் சிறிதாக்குவார்கள். புத்தகத்தைத் திறந்தால் அந்த இடங்களிலெல்லாம் அச்சுதான் இருக்கும்.

கீழக்கரையிலிருந்து வந்த அந்தப் பெண்ணிடம் நினைவுத்தாளை மட்டும் எழுதச் சொன்னேன். முதலில் நான்கு வரிதான் எழுதினார். அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது தாளின் இரு பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் எழுதியிருந்தார்: வாப்பா அரசகுமாரனுக்குத் தம்பியின் பெயரை வைத்துப் படித்தது, அரக்கன் பேசும் இடத்தில் இருமல் வந்து நிறுத்தியது, மின்சாரம் போன இரவில் மீதியை இருட்டிலேயே சொல்லி முடித்தது. சென்ற மாதம் இரண்டாவது தாள் ஒன்று கேட்டு வாங்கிப் போனார். புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.